ஸ்டாண்டர்டு ஹெரால்டின் முன்பக்க சஸ்பென்ஷன் கிட்: ஏற்காடு மலைப்பாதைக்கு எது தேவை, எது வேண்டாம்

ஹெரால்டு என்ற பழைய காரை வைத்திருப்பவர்கள் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கும் முழு முன் சஸ்பென்ஷன் கிட் பற்றிய மதிப்பீடு இது. பெட்டியில் வருபவை: ஒரு ஜோடி பித்தளை டிரனியன் (சக்கரத்தைத் தாங்கும் லிங்கின் கீழ்முனை திருகி உட்காரும் பாகம்), அதற்கான நைலான் புஷ் (மூட்டுக்குள் உட்காரும் உறை), வாஷர், சீல், மேல் பால் ஜாயிண்ட் இரண்டு, விஷ்போன்களுக்கும் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கைகள்) ஆன்டி ரோல் பாருக்கும் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) பாலியூரிதேன் புஷ்கள், கடினமான ஸ்பிரிங் ஜோடி, குமிழ் திருகி இறுக்கம் மாற்றும் ஷாக் அப்சார்பர் ஜோடி. டிரனியனும் புஷ்களும் கொடுத்த காசுக்கு முழுசாகத் தகும். ஷாக் அப்சார்பர் நல்லது, ஆனால் அவசரமில்லை. அந்த ஸ்பிரிங் சேலத்து ரோடுகளுக்கு வேண்டாம். பணத்தில் பெரும்பங்கு போவது என்னவோ ஷாக்குக்கும் ஸ்பிரிங்குக்கும்தான். அதனால் முழு கிட்டாக வாங்காமல் பிரித்து வாங்குவதே சரி. உருப்படி குறைந்தால் சுங்க வரியும் கூரியர் செலவும் குறையும்.

சென்னையில் 1961 முதல் தயாரான இந்தக் காரும் இங்கிலாந்தில் டிரயம்ஃப் பெயரில் வந்த ஹெரால்டும் முன்பக்கத்தில் ஒரே அமைப்புதான். டிரயம்ஃபின் ஸ்பிட்ஃபயர் காரும் அதே அடித்தளத்தில் பிறந்தது. சாமான் இன்றைக்கும் கிடைப்பதற்குக் காரணம் அதுதான். மேலும் கீழும் விஷ்போன், நடுவில் ஸ்பிரிங்குக்குள் ஷாக், சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பு லிங்க். லிங்கின் மேல்முனையில் பால் ஜாயிண்ட். கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை பித்தளை டிரனியனுக்குள் திருகி உட்காரும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் லிங்க் இந்த மரையில்தான் சுழல்கிறது.

காரின் உயிர் இருப்பது இந்த மரையில். இங்கே போக வேண்டியது கிரீஸ் அல்ல, 90 ஆயில், அதாவது கியர் பாக்ஸுக்கு ஊற்றும் இ.பி. 90. பத்மினியின் கிங் பின்னுக்கு கிரீஸ் அடித்துப் பழகிய கை, இங்கேயும் கிரீஸ் கன்னைத்தான் எடுக்கும். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. நாளாக நாளாக இறுகிக் கட்டியாகி, ஆயில் போகும் வழியையும் அடைத்துவிடும். மேல் சீல் வழியாக மழைத் தண்ணீர் நுழைந்தால் லிங்கின் மரையில் துரு குழி விழும். காய்ந்த மரை இறுகிப் பிடிக்கும். அந்த நிலையில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் முறுக்கு விசை முழுவதும் லிங்கின் கழுத்தில் இறங்கி, ஒருநாள் அது முறியும். சக்கரம் மடங்கி வண்டி ரோட்டில் உட்காரும். பெரும்பாலும் பார்க்கிங்கில், மெதுவாகத் திருப்பும்போதுதான் முறிகிறது என்பது இந்தக் கார்களைப் பராமரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங் ஏறக்குறைய முழுசாக ஒடிகிறது, அதுவும் இறக்கத்தில் பிரேக் பாரத்தோடு. பார்க்கிங்கில் முறிந்தால் வண்டியை இழுத்துப் போவதற்கும் பெயிண்டுக்கும்தான் செலவு. இங்கே ஒரு பக்கம் பள்ளம்.

கிட்டை ஆர்டர் செய்வதற்கு முன் வண்டியைச் சோதியுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். இன்னொருவர் உள்ளே பார்க்கட்டும். கீழே ஆட்டம் தெரிந்தால் டிரனியன் அல்லது அதன் புஷ். மேலே தெரிந்தால் பால் ஜாயிண்ட். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். இடவலமாக ஆட்டினால் தெரிவது டை ராடு எண்டும் ஸ்டியரிங் ரேக்கும். ஆட்டமே இல்லாமல் ஸ்டியரிங் கனமாக இருந்து, வளைவு முடிந்த பிறகும் தானாக நேருக்குத் திரும்பாமல் நின்றால், அதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தான அறிகுறி. மரை பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வண்டியை மலைக்கு எடுக்கவே கூடாது.

கழற்றுவதற்கு ஹெரால்டைப் போல வசதியான கார் வேறில்லை. பானெட் முழுசாக முன்னால் சாய்ந்துவிடும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஸ்டேண்டைச் சேஸிஸுக்குக் கீழே கொடுங்கள், கீழ் ஆர்முக்கு, அதாவது கீழ் விஷ்போனுக்கு, கொடுக்க வேண்டாம். நட்டு போல்டு எல்லாம் அங்குல அளவு. 1/2 அங்குல நட்டில் 13 எம்.எம். ஸ்பேனர் போட்டால் மூலை மழுங்கும். 9/16-க்கு மில்லிமீட்டரில் ஈடே கிடையாது, 14 நுழையாது, 15 வழுக்கும். அங்குல செட் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஆன்டி ரோல் பார் லிங்கை விடுவித்து, ஷாக்கின் கீழ் போல்டையும் மேலே உள்ள மூன்று சின்ன நட்டுகளையும் எடுத்தால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வெளியே வரும். ஷாக்கின் உச்சியில் நடுவே உள்ள நட்டை ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் மாட்டாமல் தொடவே கூடாது. ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது. பிரேக் டிரம்மைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் பாரம் விழக்கூடாது. கீழ் விஷ்போன் பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். எந்தப் பிராக்கெட்டில் எத்தனை என்று எண்ணி, தனித்தனியாகக் கம்பியில் கோத்து, இடம் எழுதி வையுங்கள். கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, அதில்தான் இருக்கிறது. டப்பாவில் மொத்தமாகக் கொட்டிவிட்டால் பிறகு அலைன்மென்ட் கடைக்காரர் என்ன செய்தும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

வேலை நின்றுபோகும் இடம் டிரனியன் போல்டு. புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு அது துருப்பிடித்து ஒட்டியிருக்கும். சுத்தியலால் அடித்தால் ஆர்ம் வளையும். டிரனியனின் இரு பக்கமும் ஹாக்ஸா பிளேடு விட்டு போல்டை அறுத்துவிடுவதே நேர்வழி, புது போல்டுதான் போடப்போகிறோமே. அந்தப் புது போல்டு ஹைடென்சிலாக இருக்க வேண்டும். உள்ளூர் ஹார்டுவேர் கடையின் சாதா போல்டு இங்கே கூடாது. மாட்டும்போது தண்டில் காப்பர் கிரீஸ் தடவினால் அடுத்த முறை கையால் உருவலாம்.

கிட்டில் வரும் டிரனியன்களின் மரை சுத்தமாக வெட்டப்பட்டிருக்கிறது. இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர் திசை. மாற்றி முயன்று கெடுத்துவிடாதீர்கள். புது டிரனியனைப் பழைய லிங்கில் திருகி அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் தேய்ந்தது லிங்க். கிட்டில் லிங்க் வராது, இதுவே இந்தக் கிட்டின் பெரிய குறை. தேய்ந்த லிங்கில் புது டிரனியன் போடுவது பாதி வைத்தியம். மரையைப் பெட்ரோலில் கழுவி, துருக்குழி இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பாருங்கள். பிறகு சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் அடிக்கும் விரிசல் சோதனை செய்யுங்கள். கோடு தெரிந்தால் அந்த லிங்க் குப்பைக்கு. சேலத்து லேத் பட்டறைகள் திறமைசாலிகள். நைலான் புஷ் கடைந்து வாங்கலாம், ஸ்பேசர் வாங்கலாம். ஆனால் லிங்கின் மரையில் வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி மரை வெட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது அடித்து உருவாக்கிய உருக்கு. வெல்டிங் சூட்டில் அதன் பதம் போய், முறியக்கூடிய அதே கழுத்தில் பலவீனம் சேரும்.

மாட்டும் முறை இது: டிரனியனுக்குள் 90 ஆயில் விட்டு, லிங்கில் புது சீலைப் போட்டு, டிரனியனைக் கடைசிவரை திருகுங்கள். அங்கிருந்து ஒரு சுற்றுக்கு மேல் போகாமல், ஆர்மோடு நேராகும் இடம்வரை திருப்பி எடுங்கள். முழு இறுக்கத்திலேயே விட்டால் ஸ்டியரிங் ஒரு பக்கம் முட்டி நிற்கும். இரண்டு பக்கமும் கடைசிவரை தடையில்லாமல் போகிறதா என்று கையாலேயே சுழற்றிப் பார்த்த பிறகுதான் மற்றதை இறுக்க வேண்டும்.

பால் ஜாயிண்ட் உறுதியாக இருக்கிறது, ரப்பர் உறைதான் மெலிசு. கழற்றும்போது முள்கரண்டி போன்ற ஃபோர்க்கை அடித்தால் உறை கிழியும். புல்லர் வைத்து எடுங்கள்.

பாலியூரிதேன் புஷ்களைப் பற்றித் தயக்கமே வேண்டாம். பழைய ரப்பர் புஷ்ஷின் வெளி இரும்பு வளையத்தை ஹாக்ஸாவால் கீறி எடுத்து, துளையை எமரி தாளால் துருப்போகத் தேய்த்து, வைஸில் வைத்து அழுத்தினால் போதும். கூடவே வரும் சிலிகான் கிரீஸைத் தாராளமாகத் தடவுங்கள். கஞ்சத்தனம் செய்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் கீச்சிடும். ரப்பர் புஷ்ஷையே மறுபடி போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நின்று, முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்த பிறகே அந்த போல்டுகளைக் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். பாலியூரிதேன் உள்ளே சுழலக்கூடியது, இந்தக் கவலை அதற்கில்லை.

இனி ஸ்பிரிங். கிட்டில் உள்ளது வண்டியை ஓர் அங்குலம் தாழ்த்தும், அசலைவிட மிகக் கடினம். வழுவழுப்பான ரேஸ் டிராக்குக்கு அது சரி. அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு தாண்டி அடிவாரம் போவதற்குள் வரும் வேகத்தடைகளுக்கு அது சரியில்லை. அடி தட்டும், 948 சிசி எஞ்சினின் எடைக்கு அந்த ஸ்பிரிங் அசையவே யோசிக்கும், முன்சக்கரம் ரோட்டைப் பிடிக்காமல் குதிக்கும். உங்கள் பழைய ஸ்பிரிங் இரண்டும் ஒரே உயரமாக, வெடிப்பில்லாமல் இருந்தால் அதையே போடுங்கள். தொய்ந்திருந்தால் அசல் உயரத்தில் புது ஜோடி வாங்குங்கள்.

ஷாக் அப்சார்பர் மலைக்கு உண்மையிலேயே உதவுகிறது. அசல் ஸ்பிரிங்கோடு, குமிழை மிக மென்மையான நிலையிலிருந்து கால்வாசி மட்டும் கூட்டி வைத்தால், இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது மூக்கு சட்டென்று குத்துவது அடங்குகிறது. பாதிக்கு மேல் கூட்டினால் ஊருக்குள் ஒவ்வொரு குழியும் ஸ்டியரிங்கில் தெரியும். ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில், அதாவது ஒவ்வொரு பின்சக்கரமும் தன் அச்சோடு தனியாக மேலும் கீழும் ஆடும் அமைப்பு, என்பதை மறக்கக் கூடாது. வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டரை திடீரென்று விட்டால் பின்சக்கரம் உள்ளே மடிந்து வால் வீசும். ஆன்டி ரோல் பாரில் புது புஷ் போட்டு முன்பக்கம் இறுகினால் சாய்வை முன்பக்கமே அதிகம் தாங்கும். பின்பக்கம் கொஞ்சம் நிதானப்படும். முழுசாகத் தீராது. 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெஜல் காரில் பின்பக்கம் ஒரே ஆக்ஸில் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டு பக்கமும் சேர்த்து, பழகிய மெக்கானிக்குக்கு இரண்டு நாள் வேலை. முடிந்ததும் வீல் பேரிங் நட்டை மெதுவாக இறுக்கி, நட்டின் ஒரு முகம் அளவு பின்வாங்கி, ஸ்பிளிட் பின்னைப் போடுங்கள். டோ இன், அதாவது முன்சக்கரங்கள் முன்னால் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு, 1/16 அங்குலம் போதும். 300 கிலோமீட்டர் ஓடியதும் மேல் மூன்று நட்டு, டிரனியன் போல்டு, ஷிம் உள்ள பிராக்கெட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். டிரனியனின் திருகு மூடியைக் கழற்றி நிப்பிள் மாட்டி, 90 ஆயில் நிரப்பிய தனி கன்னால் மேல் சீலில் ஆயில் கசியும்வரை அடிக்க வேண்டும், 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. மலைக்கு அடிக்கடி போகிற வண்டிக்கு ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை, மழை ஓய்ந்த பிறகு ஒருமுறை. அந்தக் கன்னின் மேல் "ஹெரால்டு, ஆயில் மட்டும்" என்று பெயிண்டில் எழுதி வையுங்கள். பட்டறையில் கை மாறினாலும் கிரீஸ் உள்ளே போகாது.