எஃபாவிரென்ஸ் முதல் டொலுடெகிராவிர் வரை: எச்.ஐ.வி. மாத்திரைகளோடு என் அனுபவம்

எச்.ஐ.வி. மாத்திரை போட்டால் கன்னம் ஒட்டிப்போகுமாமே, ரத்தம் சுண்டிப்போகுமாமே என்று இப்போதும் கேட்கிறார்கள். பொய் இல்லை, அப்படிச் செய்த மாத்திரைகள் இருந்தன. ஆனால் இன்று சிங்கப்பூரில் புதிதாகச் சிகிச்சை தொடங்குகிறவருக்கு அவற்றை எழுதித் தருவதே அபூர்வம். 2007ல் தொடங்கி மூன்று கூட்டு மருந்துகளைப் பார்த்துவிட்டேன். 'பக்க விளைவு' என்று மொத்தமாகப் பேசுவதைவிட எந்த மாத்திரை என்ன செய்தது என்று பெயர் சொல்லிப் பேசினால்தான் பயம் குறையும் என்பது என் கட்சி.

எனக்கு முதலில் கிடைத்தது காலையும் மாலையும் ஸிடோவுடினும் லாமிவுடினும் சேர்ந்த மாத்திரை, இரவில் எஃபாவிரென்ஸ். ஸிடோவுடின் 1964ல் புற்றுநோய்க்கென்று உருவாக்கப்பட்டு, அதற்கு உதவாமல் கிடப்பில் கிடந்த மருந்து. 1987ல் எச்.ஐ.வி.க்கு அங்கீகாரம் பெற்ற முதல் மருந்து அதுதான். வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. இழை பின்னும்போது இது போலிக் கண்ணியாக உள்ளே நுழையும். ஜிப்பில் ஒரு பல் கோணலாக இருந்தால் அதற்கு மேல் ஏறாது இல்லையா, அந்த மாதிரி இழை பாதியில் நின்றுவிடும். எஃபாவிரென்ஸ் அந்தப் பின்னும் வேலையைச் செய்கிற நொதியிலேயே ஒட்டிக்கொண்டு அதை முடக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் வைரஸ் உருமாறித் தப்பித்துவிடும். மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை 1990களின் நடுவில் வந்த பிறகுதான் எய்ட்ஸ் சாவுகள் மளமளவென்று குறைந்தன.

ஸிடோவுடின் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். சில மாதங்களில் என் ஹீமோகுளோபின் இறங்கியது, விரல் நகங்களில் கருங்கோடுகள் விழுந்தன. புளோக் படிக்கட்டில் இரண்டு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. டாக்டர் அதை நிறுத்திவிட்டு டெனோஃபோவிர் இருந்த கூட்டு மருந்துக்கு மாற்றினார். நான் ஸ்டாவுடின் சாப்பிட்டதில்லை. கன்னக் கொழுப்பைக் கரைத்து, பாதங்களை எரிய வைத்த மருந்து அதுதான். 2009ல் உலகச் சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. அந்தக் காலத்தில் மருந்தகத்தில் டோக்கன் எண்ணுக்காகக் காத்திருக்கும்போது எதிரில் இருப்பவரின் கன்னத்தைப் பார்த்தே பழைய ஆள் என்று தெரிந்துகொள்ளலாம்.

எஃபாவிரென்ஸ்தான் என்னோடு அதிக நாள் இருந்தது. வெறும் வயிற்றில், படுக்கப் போகும்போது போட வேண்டும். கொழுப்பு அதிகமான சாப்பாட்டுக்குப் பின் போட்டால் ரத்தத்தில் அதிகம் ஏறும், தலைசுற்றலும் கூடும். தீபாவளி மட்டன் பிரியாணி ஒன்பது மணிக்கு மேல் வந்தால் நான் தொடவே மாட்டேன். கனவுகளைப் பற்றி என்ன சொல்ல! செத்துப்போன அப்பா தேக்கா மார்க்கெட்டில் மீன் பேரம் பேசுவார், செதில் வாடைகூட அடிக்கும். கனவைச் சகித்துக்கொள்ளலாம், மறுநாள் காலை மந்தம்தான் சிக்கல். எனக்கு மின்தூக்கிப் பராமரிப்பு வேலை. கூண்டின் மேல் ஏறி நின்று கேபிளைப் பார்க்கிறவனுக்குக் கண் கட்டக்கூடாது. காலை ஷிஃப்ட் வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கினேன், காரணமாகத் தூக்கமின்மை என்று சொன்னேன். பாதி உண்மைதானே.

இன்னொன்று. எஃபாவிரென்ஸ் சாப்பிடுகிறவரின் சிறுநீரில் சில முதற்கட்டச் சோதனைகள் கஞ்சா இருப்பதாகத் தவறாகக் காட்டக்கூடும், உறுதி செய்யும் சோதனையில் உண்மை தெரிந்துவிடும். சிங்கப்பூரில் இதைப் படித்த அன்று எனக்குக் கனவே தேவைப்படவில்லை, விழித்தபடியே வியர்த்தது.

டெனோஃபோவிர் உடனே எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. பழைய வகை டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் மெல்ல அரிக்கும், அதனால்தான் ரத்தமும் சிறுநீரும் விடாமல் எடுக்கிறார்கள். என் சிறுநீரக எண் வருஷத்துக்கு வருஷம் இறங்க, நடுவில் சர்க்கரையும் வந்து சேர, டாக்டர் அடுத்த மாற்றத்தைப் பேசத் தொடங்கினார். அப்போது காசுதான் கேள்வி. மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து மாதம் 550 வெள்ளி வரை எடுக்கலாம் என்றாலும் அதுவும் நம் பணம்தானே. பாங்காக், சென்னை என்று போய் மருந்து வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும். 2020 செப்டம்பரிலிருந்து அரசு மானியம் வந்தது. என் போன்றவர்களுக்கு மூச்சு வந்தது அன்றுதான்.

இப்போது தினமும் ஒரே மாத்திரை, டொலுடெகிராவிரும் லாமிவுடினும் சேர்ந்தது. டொலுடெகிராவிர் வேறு இடத்தில் பிடிக்கிறது. வைரஸ் பின்னிய டி.என்.ஏ.வை நம் உயிரணுவின் டி.என்.ஏ.வுக்குள் செருகும் வேலையை அது தடுக்கிறது. இந்த மாத்திரைக்கு மாற்றுவதற்கு முன் கல்லீரல் அழற்சி 'பி' இருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள், இருந்தால் இது மட்டும் போதாது. மந்தம் போய்விட்டது. தூக்கம் கொஞ்சம் கலைந்ததால் காலைப் பசியாறலோடு போடுகிறேன். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் சற்று ஏறியது. சிறுநீரகம் கெட்டதால் அல்ல, கிரியேட்டினின் வெளியேறும் ஒரு வழியை மருந்து அடைப்பதால் என்று டாக்டர் விளக்கினார். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரிப்போர்ட்டைப் பார்த்து ஆள் பாதியாகிவிடுவார்.

எடை ஏறியது நிஜம். எஃபாவிரென்ஸ் நின்றதும் ஒரு காரணம், பரோட்டா இன்னொன்று. ஆனால் இந்த வகை மருந்தில் எடை கூடுவதை ஆய்வுகளும் சொல்கின்றன. சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினின் அளவையும் இது ரத்தத்தில் உயர்த்தும். ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பாலிகிளினிக்கில் சர்க்கரை பார்க்கும் டாக்டருக்கும் இந்த மாத்திரையின் பெயர் தெரிந்தாக வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் நட்டம் நமக்குத்தான்.

மருந்தகத்தில் ஒரு தமிழ்ப் பெண் கேட்டது நல்ல கேள்வி: "அங்கிள், கால்சியம், இரும்புச் சத்து, வயித்தெரிச்சல் மருந்து ஏதாவது எடுக்குறீங்களா?" இவற்றில் உள்ள உலோகச் சத்துகள் டொலுடெகிராவிரைப் பிடித்து வைத்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. மாத்திரையை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். கால்சியமும் இரும்பும் மட்டும் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் பரவாயில்லை. சித்த மருந்துகளை யாரும் கேட்பதில்லை. அயச்செந்தூரம் என்றால் இரும்பு, சங்கு பஸ்பம் என்றால் கால்சியம். ஊரில் அக்கா "தம்பி, ரத்தம் ஊறும்டா" என்று தேனில் குழைத்து அயச்செந்தூரத்தை நீட்டுவாள். அவளுக்கு என் விஷயம் தெரியாது. "ராத்திரி சாப்பிடுறேன் அக்கா" என்று வாங்கி வைத்துக்கொள்வேன்.

வைரஸ் அளவு பல வருஷமாகக் கண்டறிய முடியாத நிலையில் இருக்கிறது. இந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் துணைக்குத் தொற்றாது. 2016லும் 2019லும் வெளிவந்த பார்ட்னர் ஆய்வுகளில் இப்படி ஒரு தொற்றுகூடப் பதிவாகவில்லை. அதைக் கேட்ட என் மனைவி, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்று ஆராய்ச்சியாளர்களைத்தான் திட்டினாள். ஆனாலும் மாத்திரையை நிறுத்த முடியாது. சில நோய் எதிர்ப்பு அணுக்களுக்குள் வைரஸ் தூங்கிக்கொண்டிருக்கும், அதை எந்த மருந்தும் தொடுவதில்லை. நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே திரும்பி வரும். ஒரு பக்க விளைவு தாங்க முடியவில்லை என்றால் வேறு மருந்து கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் வந்துவிட்டது. கபோடெகிராவிர், ரில்பிவிரின் என்று இரண்டு மருந்து, பிட்டத்தில் ஆளுக்கொரு பக்கம். போட்ட இடம் சில நாள் வலிக்குமாம், அது பெரிதில்லை. நாள் தவறினால் குறைந்த அளவு மருந்து உடம்பில் நெடுநாள் தங்கி, வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும் ஆபத்து உண்டு என்பதுதான் யோசிக்க வைக்கிறது. மறுபக்கம், அக்கா வீட்டில் மாத்திரைப் புட்டியை ஒளித்து வைக்கும் வேலை மிச்சம். அடுத்த முறை நோவீனாவில் டாக்டரைப் பார்க்கும்போது இதைப் பேசி முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன்.