தாலி கட்டிய பிறகு வரும் கெட்டிமேளம்: ஒரு யூஎஸ்பி கேப்சர் கருவியுடன் என் அனுபவம்

வீட்டில் கிடக்கும் கல்யாண கேசட்டுகளை டிவிடியாக மாற்ற, நான் வைத்திருக்கும் அதே கேப்சர் கருவியை வாங்கலாமா, இப்போது விலை நன்றாக இறங்கியிருக்கிறதே என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். படம் யூஎஸ்பி வழியாகவும், சத்தம் தனி ஒயரில் கணினியின் சவுண்டு கார்டு வழியாகவும் போகும் ரகம் அது.

முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தில் குறையே இல்லை. நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) அளவில், அதாவது 720-க்கு 576 புள்ளிகளாகப் பதிகிறது. விஎச்எஸ் நாடாவில் அந்த அளவுக்கு விவரமே கிடையாது என்பதால் இதுவே தாராளம். அரக்குப் பட்டு அரக்காகவே வந்தது. கல்யாண வீடியோக்காரரின் விளக்கு வெளிச்சத்தில் வெளிறிய முகங்களைக்கூட ஓரளவு காப்பாற்றிக் கொடுத்தது. இந்த விலைக்கு இவ்வளவு நான் எதிர்பார்க்கவில்லை.

சத்தம்தான் உயிரை எடுக்கிறது. ஆரம்பத்தில் எல்லாம் சரியாக இருக்கும். போகப்போகப் பேச்சு உதட்டைவிட்டு விலகும். நம் ஊர்க் கல்யாண கேசட்டில் முந்தின நாள் மாலை ரிசப்ஷன் முதலில் வரும். ஸ்டுடியோக்காரர் அதன்மேல் சினிமாப் பாட்டை ஏற்றியிருப்பார், ஆகவே சத்தம் நகர்வது யாருக்கும் தெரியாது. முகூர்த்தம் வருவதற்குள் இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். அப்போது தவில்காரரின் குச்சி தோலைத் தொட்டு எழும்பிய பிறகு அடி கேட்கும். மாப்பிள்ளை முடிச்சுப் போட்டுவிட்டுக் கையை எடுக்கும்போதுதான் கெட்டிமேளம்!

காரணம், பதியும் வேகத்தை நிர்ணயிக்கும் இரண்டு கடிகாரங்கள். கருவிக்குள் ஒன்று, சவுண்டு கார்டுக்குள் ஒன்று. இரண்டும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாறுபட்டாலே மணிக்கு 0.36 வினாடி பிசகும். 180 நிமிட கேசட் முடியும்போது ஒரு வினாடிக்கு மேல். ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு ஒளிபரப்புக்காகத் தந்த பரிந்துரை ஒன்றின்படி, சத்தம் படத்தைவிட 45 மில்லிசெகண்ட் முந்தினாலோ 125 மில்லிசெகண்ட் பிந்தினாலோ பார்ப்பவருக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். முகூர்த்தக் காட்சியில் நமக்கு முக்கால் வினாடி போகிறது.

இப்படிச் சீராக நகர்வதைச் சரிசெய்வது எளிது. படத்தையும் சத்தத்தையும் தனியாகப் பிரித்து, சத்தத்தின் மொத்த நீளத்தைப் படத்தின் நீளத்துக்கு இழுத்தோ சுருக்கியோ விட வேண்டியதுதான். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் சில நிமிட வேலை. நாதஸ்வரத்தின் சுருதி கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம், இவ்வளவு சின்ன மாற்றத்தை எந்தக் காதும் கண்டுபிடிக்காது. சரிபார்க்க பேசும் முகத்தைவிடத் தவில் அடிதான் உத்தமம். முதலில் ஓரிடம், கடைசியில் ஓரிடம் பார்த்தால் போதும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு பிசகியிருந்தால் அது நகர்வே அல்ல. மொத்தமாகச் சில மில்லிசெகண்ட் தள்ளி வைத்தால் தீர்ந்தது.

எரிச்சல் வருவது படிப்படியாகத் தாவும் பிசகில். நாடா கசங்கிய இடத்திலும், ஸ்டுடியோவில் ஒட்டு விழுந்த இடத்திலும் சிக்னல் ஒரு கணம் தடுமாறும். அங்கே கருவி ஃப்ரேம்களை, அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்களை, விட்டுவிடும், சத்தம் மட்டும் தன்பாட்டுக்கு ஓடும். பால் முறையில் ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட். 25 ஃப்ரேம் போனால் முழு வினாடி அவுட். இதற்கு ஒரே விகிதத்தில் இழுப்பது உதவாது, ஒட்டுக்கு ஒட்டு வெட்டித் தனித்தனியாகப் பொருத்த வேண்டும். நாடாவின் தப்புக்குக் கருவியைத் திட்டுவது நியாயமில்லைதான். ஆனால் கூடவே வந்த மென்பொருள், எத்தனை ஃப்ரேம் போனது என்பதைச் சொல்லவே சொல்லாது. எல்லாம் சுபம் என்று பச்சை டிக் போட்டுவிட்டுச் சிரிக்கும். அந்த டிக்கைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

அந்த மென்பொருளைத் தூக்கிவிட்டு, வர்ச்சுவல்டப் என்ற வேறொரு பதிவு மென்பொருளைப் போட்ட பிறகுதான் நிம்மதி. இலவசம். விட்டுப்போன ஃப்ரேம்களின் எண்ணிக்கையைத் திரையிலேயே காட்டும், காலியான இடத்தில் ஃப்ரேமைச் செருகும், சத்தத்தின் வேகத்தைப் படத்துக்கு ஏற்ப ஓடும்போதே மாற்றும். சத்தத்தை எம்பி3 ஆக்காமல் சுருக்காத வேவ் (WAV) கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். டிவிடி கேட்பது அதைத்தான். 44.1-இல் எடுத்துப் பிறகு மாற்றுவது வீண் தலைவலி. பதியும்போது வைரஸ் ஸ்கேனரையும் வைஃபையையும் அணைத்துவிடுவது நல்லது.

இன்னொன்று. டிஸ்க் கணினியில் ஒழுங்காக ஓடி, ஹாலில் மட்டும் சத்தம் முந்தினால் உடனே திரும்ப எரிக்காதீர்கள். எல்சிடி டிவி படத்தைச் சற்று நேரம் பிசைந்துவிட்டுத்தான் காட்டும். பிளேயரிலிருந்து சத்தம் நேராக ஆம்ப்ளிஃபையருக்குப் போனால் அதுதான் முந்தும். ஒயரை டிவி வழியாக மாற்றிப் பாருங்கள்.

ஆக, படம் அருமை, விலை குறைவு, பிசகுக்கு மருந்தும் இருக்கிறது. ஆனாலும் வாங்க வேண்டாம் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். சிவப்பு, வெள்ளை ஆடியோ பின்களும் கருவியிலேயே செருகும்படி இருக்கும் ஒன்றாகப் பாருங்கள். படமும் சத்தமும் ஒரே இடத்தில் நுழைந்தால் இந்தக் கடிகாரச் சண்டை பெரும்பாலும் வராது. சரி, உங்களுடையதைக் கொஞ்ச நாள் கடன் கொடுங்களேன் என்றார். தருவதாக இல்லை. அத்தை வீட்டு வளைகாப்பு கேசட் இன்னும் பாக்கி இருக்கிறது.