பெரிய சைஸுக்கு ஃபீடிங் பிரா: எம்.சி. ரோடா, ஆன்லைனா, டெய்லர் அக்காவா?

சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் போய் ஃபீடிங் பிரா கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன சைஸ்மா?" நாம் 36 என்றோ 38 என்றோ ஒரு எண்ணைச் சொல்வோம், அவர் பெட்டியை எடுத்துப் போடுவார், வியாபாரம் முடிந்தது. மார்பு உட்காரும் கப் என்ன அளவு என்று யாரும் கேட்பதில்லை, பல பெட்டிகளில் அது அச்சாகியிருப்பதும் இல்லை. மார்பு சின்னதாகவோ நடுத்தரமாகவோ இருப்பவர்களுக்கு இதில் பெரிய நஷ்டம் கிடையாது, எப்படியோ பொருந்திவிடும். பெரிய மார்பு உள்ள அம்மாக்களுக்கு எல்லாத் தொல்லையும் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்பதெல்லாம் அப்புறம். கப்பைத் தனியாகச் சொல்லி வாங்க முடிகிற இடம் எது என்று முதலில் பாருங்கள் என்பதுதான் என் கட்சி, கீழே வரும் ஒப்பீடு முழுக்க இதை வைத்துத்தான்.

அளவுக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இது புரிந்தால் பாதிக் காசு மிச்சம். இன்ச் டேப்பை மார்புக்கு நேர் கீழே, விலா எலும்பை ஒட்டி இறுக்கமாகச் சுற்றினால் 34 வருகிறது, மார்பின் மேடான இடத்தில் தளர்வாகச் சுற்றினால் 41 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பல கடைகளில் இன்னும் பழைய கணக்குதான்: கீழ் அளவோடு 4 இன்ச் கூட்டு, 38 ஆச்சு, 41-க்கும் 38-க்கும் 3 வித்தியாசம், அப்போ சி கப், எடு 38 சி. கூட்டாமல் நேராகப் பார்த்தால் 34-க்கும் 41-க்கும் 7 இன்ச் வித்தியாசம். இன்ச்சுக்கு ஒரு கப் என்று ஏ, பி, சி, டி, டிடி, இ, எஃப் என எண்ணிக்கொண்டு போனால் வருவது 34 எஃப். இரண்டும் ஒரே பெண்ணுக்கு!

அந்த 38 சி-யைப் போட்டால் என்ன நடக்கும்? கீழ்ப்பட்டை 4 இன்ச் தொளதொள என்று நிற்கும், கப்போ இரண்டு அளவு குறைச்சல். முதுகுப் பக்கம் பட்டை மேலே ஏறிக்கொள்ளும், முன்னால் மார்பு கீழே இறங்கும், பாரம் மொத்தமும் ஸ்ட்ராப்புக்குப் போய்த் தோளில் பள்ளம் விழும், கப்பின் மேல் விளிம்பில் சதை பிதுங்கும். பிதுங்குகிறதே என்று திரும்பப் போனால் "அப்போ 40 போடுங்க சிஸ்டர்" என்பார்கள். 40 சி-யில் கப் ஒரு படி கூடும், பட்டை இன்னும் 2 இன்ச் லூஸ் ஆகும். பட்டைதான் பாரத்தைத் தாங்க வேண்டியது, ஸ்ட்ராப் சும்மா துணைக்கு. இதைத் தெரிந்துகொண்டால் "பெரிய எண்" வாங்குவது ஏன் வேலைக்கு ஆகாது என்று புரியும். நம் அளவு கையில் கிடைக்காதபோது பட்டையில் ஒரு படி ஏறினால் கப்பில் ஒரு படி இறங்கலாம், அதே கொள்ளளவுதான்: 34 எஃப், 36 இ, 38 டிடி எல்லாம் ஒரே கப். ஒரு படி தள்ளுவது பரவாயில்லை. இரண்டு படி தள்ளினால் திரும்பப் பழைய கதைதான்.

இன்னொரு குழப்பம், டி-க்கு மேலே போனால் எழுத்துக்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிரிட்டிஷ் வரிசையில் டிடி-க்கு அடுத்து இ, எஃப். அமெரிக்க வரிசையில் டிடி-க்கு அடுத்து டிடிடி என்று போகும். அதனால் எழுத்தை நம்பாமல் அந்தந்தக் கம்பெனியின் இன்ச் அட்டவணையைப் பாருங்கள்.

சரி, எங்கே வாங்குவது என்பதற்கு வருவோம். எம்.சி. ரோட்டின் பலம் பக்கத்தில் இருப்பது, விலை, காட்டன். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றால், வார்டில் இருந்து "ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்று அண்ணியையோ சித்தியையோ அனுப்பினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். 200, 300 ரூபாய்க்குள் கிடைக்கிற சாதாரண காட்டன் ஃபீடிங் பிரா, ஒவ்வொரு கப்பும் தனித்தனியாகத் திறக்கிற மாதிரி வரும். துணி நம் ஊர் வெயிலுக்கு நல்லது, துவைத்துத் துவைத்துப் போடலாம். ஆனால் ஸ்ட்ராப் ஒல்லி, பின்னால் ஹூக் இரண்டே வரிசை, சின்னக் கடைகளில் போட்டுப் பார்க்க இடம் கிடையாது, உள்ளாடை என்பதால் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். சி கப் வரைக்கும் உள்ளவர்கள் தாராளமாக இங்கேயே வாங்கலாம், அவர்கள் ஆன்லைனில் செலவழிப்பது வீண் என்றுகூடச் சொல்வேன். டி-க்கு மேலே என்றால் வீட்டில் படுத்திருக்கும் நேரத்துக்கு மட்டும். கடையில் ஆண்கள் இருக்கிறார்கள் என்று கூச்சப்பட்டுக் கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஓடிவருவதும் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் கூட்டத்தைத் தவிர்த்துவிட்டு வாரநாள் மதியம் போனால் பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கவாவது விடுவார்கள், அப்போது பட்டையை இழுத்துப் பார்த்து, ஸ்ட்ராப் இரண்டு விரல் அகலமாவது இருப்பதாகப் பார்த்து எடுங்கள்.

தி.நகர் போய் நாயுடு ஹால் மாதிரி உள்ளாடைக்கென்றே பெயர் வாங்கிய பெரிய கடையில் பார்ப்பது இன்னொரு வழி. அம்மாக்கள் காலத்திலிருந்து சென்னையில் இதற்கென்று முதலில் சொல்லும் பெயர் அது. பெரிய கடைகளில் எடுத்துக் காட்டப் பெண்கள் இருப்பார்கள், வாய்விட்டுக் கேட்கலாம். ஆனால் தையல் போட்ட உடம்போடு திருவொற்றியூரில் இருந்தோ கொடுங்கையூரில் இருந்தோ கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தி.நகர் போவது நடக்கிற காரியமா? போவதென்றால் எட்டாம் மாதமே போய்விட்டு வாருங்கள்.

ஆன்லைனுக்கு வந்தால், பெரிய கப்புக்கு உண்மையான தேர்வு இருப்பது இங்கேதான். ஸிவாமே, மார்ஃப் மாதிரியான கம்பெனிப் பெயர்களில் தேடினால் ஃபீடிங் பிராவுக்கென்று தனிப் பிரிவே இருக்கும். விலை எம்.சி. ரோட்டைப்போல மூன்று நான்கு மடங்கு ஆகலாம். பார்த்தவுடன் ஆர்டர் போடாதீர்கள். சைஸ் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று மட்டும் போட்டிருந்தால் அது நமக்கு இல்லை, எக்ஸ்எல் என்பது உடம்பு பெரிது என்று அர்த்தமே தவிர கப் பெரிது என்று இல்லை. பட்டை எண்ணும் கப் எழுத்தும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடிகிறதா, பின்னால் ஹூக் மூன்று நான்கு வரிசை இருக்கிறதா, சைஸ் சேரவில்லை என்றால் மாற்றித் தருவார்களா, இந்த மூன்றும் சரி என்றால் மட்டும் காசு கட்டுங்கள். மாற்றும் விதி உள்ளாடைக்கு மட்டும் வேறாக இருக்கும், அதைத் தனியாகப் படிக்க வேண்டும். வந்த பிறகு லேபிளைப் பிய்க்காமல் பழைய பனியன் மேல் போட்டு அளவு பாருங்கள்.

ஆன்லைனிலேயே மூன்று விதம் வரும். ஒன்று, ஸ்ட்ராப்பில் கிளிப் வைத்து கப் மட்டும் கீழே விழுகிறது. இன்னொன்று, முன்னால் குறுக்கே மடிந்து வரும் துணியை ஒதுக்கிவிட்டுப் பால் கொடுப்பது. மூன்றாவது, முன்னால் ஜிப்போ ஹூக்கோ வைத்தது. மூன்றாவதை முதலில் தள்ளிவிடுங்கள். முன்பக்கம் திறந்தால் பட்டையின் பிடிப்பே போய்விடும், ஒரு பக்கம் கொடுக்கும்போது மறுபக்கமும் சரிந்து தொங்கும், அந்தப் பக்கம் பால் சொட்டிக்கொண்டிருக்கும்போது இது எவ்வளவு எரிச்சல் என்று கொடுத்தவர்களுக்குத் தெரியும். குறுக்கு மடிப்பு வகை மெத்தென்று இருக்கும், ராத்திரிக்கும் முதல் சில வாரங்களுக்கும் அருமை, ஆனால் பெரிய மார்பைத் தூக்கிப் பிடிக்காது, இழுத்து இழுத்துக் கழுத்து விளிம்பு நெகிழ்ந்துவிடும்.

கிளிப் வகையில்தான் விஷயம் இருக்கிறது. கிளிப்பைக் கழற்றினால் உள்ளே என்ன மிஞ்சுகிறது என்று படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். சிலதில் எதுவும் மிஞ்சாது, கப் மொத்தமும் விழுந்துவிடும், தோலோடு தோல் படுவது நல்லதுதான், ஆனால் கனமான மார்பு அப்படியே இறங்கிவிட, ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்து மறுகையால் குழந்தையைப் பிடித்து, மூன்றாவது கை தேட வேண்டியிருக்கும். சிலதில் நடுவில் ஓட்டை விட்டு முக்கோணமாகத் துணிச் சட்டம் இருக்கும், அது தாங்கும், ஆனால் ஓட்டை சின்னதாக இருந்தால் அதன் எலாஸ்டிக் விளிம்பு மார்பில் அழுந்தும், அழுந்துகிற இடத்தில் பால் கட்டிக்கொள்ள வாய்ப்பு. பக்கவாட்டில் மட்டும் ஒரு துணிப்பட்டை நிற்கிற வகை இந்த இரண்டுக்கும் நடுவில், என் ஓட்டு அதற்கே. எது போட்டாலும், மார்பு கனமாக இருப்பவர்கள் கொடுக்கும்போது ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி மார்புக்குக் கீழே வைத்துக்கொண்டால் கைக்கு ஓய்வு கிடைக்கும்.

கிளிப் ஒரு கையால் திறந்து மூட வருகிறதா என்பதும் முக்கியம். 2015-இல் இருந்து நம் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் வந்திருக்கின்றன, ஆனால் குழந்தை அறையைப் பார்த்துத்தான் அழும் என்று இல்லையே, ஷேர் ஆட்டோவிலும் அழும்.

இப்போது டெய்லர் அக்கா. இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் டிடி-க்கு மேலே உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சாதாரண பிராவில் கிடைக்கிற அளவுகள் ஃபீடிங் பிராவில் கிடைப்பதைவிட அதிகம். அதனால் நமக்குச் சரியாகப் பொருந்துகிற, கம்பி இல்லாத, முழு கப் உள்ள காட்டன் பிராவை வாங்கி ஃபீடிங் பிராவாக மாற்றிக்கொள்ளலாம். கிளிப் ஜோடியாக ஆன்லைனில் கிடைக்கும். கப்பும் ஸ்ட்ராப்பும் சேருகிற இடத்தில் பிரித்து கிளிப் வைத்துத் தைக்க வேண்டும், அத்துடன் ஸ்ட்ராப்பின் முன் முனையிலிருந்து கப்பின் பக்கவாட்டில் கீழ்ப்பட்டை வரைக்கும் ஒரு காட்டன் டேப் ஓட வேண்டும். அந்த டேப் இல்லாவிட்டால் கிளிப்பைக் கழற்றியதும் ஸ்ட்ராப் தோளுக்குப் பின்னால் ஓடிவிடும், அப்புறம் தேடிப் பிடிக்க முடியாது. தண்டையார்பேட்டையில் இருந்து எண்ணூர் வரைக்கும் தெருவுக்குத் தெரு பிளவுஸ் தைக்கிற அக்கா இருக்கிறார், விளக்கிச் சொன்னால் தைத்துவிடுவார்: "அக்கா, கப் கீழே விழுந்தாலும் ஸ்ட்ராப் நிக்கணும்." தோள் வெட்டினால் மெல்லிய ஸ்ட்ராப்பை எடுத்துவிட்டு அகலமானதை வைக்கவும் அவரிடமே சொல்லலாம். குறை என்னவென்றால் முதல் தடவை தையல் சரியாக வராமல் போகலாம், அதனால் பழைய பிரா ஒன்றைக் கொடுத்துப் பழக்குங்கள்.

எப்போது வாங்குவது என்பதில் பல வீடுகளில் சண்டை. ஏழாம் மாத வளைகாப்பு முடிந்ததுமே மொத்தமாக வாங்கிவை என்பார் மாமியார். வேண்டாம். கர்ப்பத்தின் கடைசியில் விலா எலும்பு விரிந்திருக்கும், பிரசவத்துக்குப் பிறகு சுருங்கும். பிறந்து இரண்டு நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பால் இறங்கும்போது மார்பு சட்டென்று பெருக்கும், பிறகு சில வாரங்களில் குழந்தை குடிக்கிற அளவுக்குத் தக்கபடி அடங்கும். ஆகவே பிரசவத்துக்கு முன்னால் குறுக்கு மடிப்பு வகையோ எம்.சி. ரோட்டுக் காட்டனோ இரண்டு மட்டும் போதும், கப்பில் கொஞ்சம் இடம் விட்டு, பட்டை கடைசி ஹூக்கில், அதாவது லூஸான ஹூக்கில் பொருந்துகிற மாதிரி. விலையுள்ளதை ஆறு வாரம் கழித்து, புதிதாக அளந்து வாங்குங்கள். அளக்கும் நேரமும் கணக்கு, பால் கொடுக்கும் முன் ஒரு அளவு, கொடுத்த பின் ஒரு அளவு வரும். கொடுக்கும் முன் எடுத்ததை வைத்து கப் தேர்ந்தெடுங்கள்.

கம்பி வைத்த பிரா ஆரம்ப மாதங்களில் வேண்டாம். கம்பி இல்லாததும் இறுக்கிப் பிடித்தால் அதே தொல்லைதான். கழற்றும்போது ஒரே இடத்தில் சிவந்த கோடு ஆழமாகப் பதிந்திருந்தால் அந்த பிராவை ஒதுக்கிவிடுங்கள். மார்பில் ஒரு இடம் சிவந்து, சுட்டு, வலித்து, காய்ச்சலும் வந்தால் பிராவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள், அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

நம் ஊர் புழுக்கத்துக்கு ஒரு வார்த்தை. பெரிய மார்புக்குக் கீழே மடிப்பில் வியர்வை தங்கி அரிப்பும் படையும் வரும், சிந்தெடிக் லேஸ் எல்லாம் ஃபோட்டோவுக்கு அழகு. குளித்ததும் மடிப்பை நன்றாகத் துடைத்து உலரவிட்டுப் போடுங்கள், பால் கசிவுக்காக பிராவுக்குள் வைக்கும் பேட் நனைந்தால் உடனே மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடியில் போட்டது இரண்டு நாளானாலும் காயாது, அப்போது மட்டும் கூடுதலாக ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாகக் காசுக் கணக்கு. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயது வரைக்கும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அவ்வளவு காலம் தினமும் போடப்போவதற்கு, டி-க்கு மேலே உள்ளவர்கள் வெளியே போகவும் வேலைக்குப் போகவும் கிளிப் வகையில் நல்லதாக ஒன்று ஆன்லைனில், டெய்லர் அக்காவிடம் மாற்றியது இரண்டு, ராத்திரிக்கு மெத்தென்று ஒன்று என்று பிரித்துக்கொண்டால் போதும். வேலைக்குத் திரும்பும் முன் இன்னொரு தடவை இன்ச் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள், குழந்தை இட்லி சாப்பிட ஆரம்பித்த பிறகு கப் ஒரு படி இறங்கியிருக்கலாம்.