வெல்டிங் பட்டறைக்கு தோல் ஏப்ரன், மூணு மாசமா போடுதேன்
பேட்டைல நம்ம பட்டறைக்கு வாங்குனது, மாட்டுத்தோல், 750 ரூவா. முன்னாடி போட்டது பாலியஸ்டர் கலந்த துணி, கிரைண்டர் பொறி பட்டு உருகி தொடைல ஒட்டிக்கிட்டு, வடு இன்னும் கெடக்கு. இதுல பொறி விழுந்தா கறுத்த புள்ளியோட சரி. வார் கழுத்துல தொங்காம முதுகுல குறுக்கா போவுது, அதனால சாயங்காலம் பிடரி வலி இல்ல, ஆனா சித்திரை வெயில்ல வேத்து ஊத்துது வே!

நெஞ்சுல மூடி இல்லாத பாக்கெட் வச்சிருக்கான், பொறி உள்ள விழுந்து பீடிக்கட்டு பொசுங்கிட்டு, நானே தச்சு அடைச்சிட்டேன். கடைக்கார அண்ணாச்சி நாடாவ முன்னாடி கட்டச் சொன்னாவ, கேக்காதீங்க, ட்ரில்லிங் மிஷின்ல சுத்திரும், பின்னாடி கட்டி நுனிய சொருவிருங்க. இரும்பச் சுத்த விட்டு கடையுற லேத்து மிஷின் பக்கம் போனா நான் கழத்தியே வச்சிருவேன், சிக்குனா தோலு கிழியாது, ஆளத்தான் இழுக்கும்.

உக்காந்து வெல்டிங் அடிக்கிறவங்க முட்டிக்குக் கீழ வர்ற சைஸா கேளுங்க, எனக்கு ரெண்டு இஞ்ச் கம்மி.