ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் காரில் தனி கியர் ஆயில் கூலர்: இரண்டு வருட அனுபவம்

டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கடத்தும் பாகம்) வைத்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள என் ஸ்போர்ட்ஸ் காரில் தனியாக ஒரு ஆயில் கூலர் போட்டு இரண்டு வருடம், ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் ஆகிறது. போட்ட மறுநாளே எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். முதல் குளிர்காலம் வந்த பிறகுதான் பாதி விஷயம் புரிந்தது.

மலைப்பாதையில் மேனுவல் மோடில், இரண்டாவது மூன்றாவது கியரிலேயே ஓட்டுவது என் வழக்கம். பதினைந்து நிமிடம் ஏறினால் ஓ.பி.டி. ரீடரில் (கார் கம்ப்யூட்டரின் தகவலைப் படித்துக் காட்டும் கருவி) கியர் ஆயில் 124 டிகிரி காட்டும். டாஷ்போர்டில் இன்ஜின் சூட்டு முள்ளோ அசையாது. லாக்கப் கிளட்ச் (கன்வர்ட்டரின் இரு பக்கத்தையும் நேரடியாகப் பூட்டுவது) பிடிக்காத வரை கன்வர்ட்டருக்குள் ஆயிலைக் கடைந்துதான் சக்தி சக்கரத்துக்குப் போகிறது. சூட்டில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. காரோடு வந்த கூலர் ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கிறது. அங்கே இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டே 90 டிகிரியில் நின்றால், ஆயிலை அதற்குக் கீழே அது எப்படி இறக்கும்? அந்தச் சமயத்தில் வடித்த ஆயிலில் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டியது பழுப்பாகப் பரவியது, லேசான கருகல் வாடையும் இருந்தது.

சரி, கூலர். அடுக்குத் தட்டு வகையை ஏ.சி. கண்டென்சருக்கு (ஏ.சி. கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்) முன்னால் வைத்தேன். கியர்பாக்ஸிலிருந்து வரும் சூடான ஆயில் முதலில் ரேடியேட்டருக்கும், அடுத்து புதிய கூலருக்கும், அங்கிருந்து கியர்பாக்ஸுக்கும் போகிறது. அதே மலை, அதே வேகம்: 102 டிகிரியைத் தாண்டவில்லை.

குளிர்காலத்தில் பிரச்சினை ஆரம்பித்தது. காலையில் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடியும் ஆயில் 55 டிகிரியிலேயே நின்றது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரு உதறல். லாக்கப் தாமதமாகப் பிடித்தது, பெட்ரோலும் கூடக் குடித்தது. ஆயில் கெட்டியாக இருந்தால் வால்வுகள் சொன்னபடி கேட்காது, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரும் சூடேறட்டும் என்று லாக்கப்பைத் தள்ளிப்போடும். ஆயில் சூடாகும் வரை அதைக் கூலருக்கு விடாத வால்வுதான் தெர்மோஸ்டாட்; அது வேண்டாம் என்று நான்தான் மிச்சம் பிடித்திருந்தேன். 80 டிகிரியில் திறக்கும் ஒன்றை லைனில் சேர்த்ததும் உதறல் போய்விட்டது. இப்போது சாதாரண ஓட்டத்தில் 80க்கும் 95க்கும் இடையில் நிற்கிறது. என்னைக் கேட்டால், கூலரை ஒரு அளவு சின்னதாக வாங்கினாலும் பரவாயில்லை, தெர்மோஸ்டாட் இல்லாமல் போடாதீர்கள்.

இன்னொன்று, பொருத்திய விதம். வேலை செய்த பணிமனையில் கண்டென்சர் தகடுகளுக்கு ஊடாகப் பிளாஸ்டிக் டை கோத்து இழுத்துக் கட்டிவிட்டார்கள். நான்கு மாதம் கழித்து பம்பரைக் கழற்றினால், கூலரின் ஒரு மூலை உரசி உரசி கண்டென்சர் குழாயில் நகக்கண் அளவுக்குப் பளபளவென்று ஒரு தழும்பு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஏ.சி. கேஸ் மொத்தமும் போயிருக்கும். இரும்புப் பட்டை வளைத்து பாடியிலேயே போல்ட் போட்டு நிறுத்தினேன், நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு.

அப்புறம் ஹோஸ். கியர் ஆயிலுக்கென்று வரும் ஹோஸையே போடுங்கள், சாதாரண ரப்பர் இந்தச் சூட்டைத் தாங்காது. ஒரு இணைப்பில் ஈரத்தில் தூசி ஒட்டி மாவு பிசைந்த மாதிரி இருந்தது. கிளாம்ப் தளர்ந்து ஆயில் கசிந்திருக்கிறது, மாற்றியதும் நின்றது. முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

கூலரும் ஹோஸும் நிரம்ப எனக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் ஆயில் கூடுதலாகப் பிடித்தது. மட்டத்தை சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன சூட்டில் மட்டுமே பாருங்கள். ஆறிய ஆயிலைப் பார்த்து ஊற்றினால் அளவு மிஞ்சி நுரைக்கும், நுரைத்த ஆயிலால் அழுத்தம் தர முடியாது.

கியர் மாறும் வேகம் இதனால் கூடவில்லை. ஏற்கெனவே கிளட்ச் தேய்ந்து வழுக்கும் கியர்பாக்ஸையும் இது காப்பாற்றாது. போன மாதம் ஆயில் மாற்றியபோது பழையபடி துணியில் ஒரு சொட்டு விட்டேன். கொஞ்சம் மங்கியிருந்தாலும் சிவப்புதான், கருகல் வாடை இல்லை. அடுத்த வேலை ரேடியேட்டர்: அதற்கு வயதாகிவிட்டது, உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் ஆயிலில் கலந்துவிடும்.