டூயிங்கின் மூட்டமா, சேஸின் வெயிலா?
அமெரிக்க ஓவியர் தாமஸ் டூயிங்கின் ‘தி ரெசிடேஷன்’ (1891) ஓவியத்தில் இரண்டு பெண்கள். சுற்றிலும் பச்சை மூட்டம். அடிவானம் தெளிவாக இல்லை, விளிம்புகள் கரைகின்றன. மனநிலையை உண்டாக்குவது முகபாவம் அல்ல, ஒன்றுக்கொன்று நெருங்கிய வண்ணச் சாயல்கள்தான். அச்சில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் மூட்டம் போய்விடும், இரண்டு பெண்கள்தான் மிஞ்சுவார்கள். நகலெடுப்பவர்கள் வெள்ளையை அதிகம் கலந்து சுண்ணாம்பு பூசியதுபோல் ஆக்கிவிடுவதும் உண்டு.

இன்னொரு அமெரிக்க ஓவியர் வில்லியம் மெரிட் சேஸ் நேரெதிர். 1891 முதல் 1902 வரை நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டின் ஷின்னெகாக்கில் கோடைக்கால ஓவியப் பள்ளியில் கற்பித்தவர், திறந்தவெளியிலேயே தீட்டினார். மணல்மேடு, புதர், அகன்ற வானம், சின்னச் சின்ன உருவங்கள். அழகு உண்டு, ஏக்கம் குறைவு.

நிதானமாக நின்று பார்க்க டூயிங். வெளிச்சத்தைப் படிக்க சேஸ். என் ஓட்டு டூயிங்குக்கே, அந்தப் பெண்கள் கொஞ்சம் உயிரற்றுத் தெரிந்தாலும்.