13 அடி டிரெய்லர்: ஒன்பது வருடம் இழுத்தோம், இப்போது விற்றோம்

வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போய், முகாமில் உள்ளேயே படுத்துத் தங்கும் எங்கள் டிரெய்லரைப் போன சனிக்கிழமை விற்றுவிட்டோம். 2014-ல் மினியாபொலிஸில் பழையதாக வாங்கியது. நீளம் 13 அடி, அதிலும் மூன்றடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கிக் கம்பிக்கே போய்விடும். முட்டை வடிவம், பைபர்கிளாஸ் உடம்பு. 1968-ல் கனடாவின் வின்னிபெக்கில் வந்த போலர் (Boler) டிரெய்லரின் வம்சம். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஓடுகளாக வார்த்து நடுவில் ஒட்டியிருப்பார்கள். தரைப்பலகையைத் தவிர உளுத்துப்போக அதிகம் ஒன்றுமில்லை.

சாமான் ஏற்றினால் ஏறக்குறைய 1,900 பவுண்டு. 3,500 பவுண்டு இழுக்கும் எங்கள் மினிவேனே போதுமாக இருந்தது. மைலேஜ்தான் கேலனுக்கு 23 மைலிலிருந்து 15-க்கு இறங்கிவிடும். முகாமில் ரிவர்ஸ் எடுக்க வரவில்லையா, கொக்கியைக் கழற்றிவிட்டு நானும் மனைவியும் கையாலேயே தள்ளித் திருப்பிவிடுவோம். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கரடி நடமாட்டம் உண்டு என்பதால் துணிக் கூடாரத்துக்கு இடமில்லை, கெட்டிச் சுவர் வேண்டும். எங்கள் முட்டை ஓடும் அதில் சேர்த்தி.

முதல் பயணத்தில் தண்ணீர் கேன், அரிசி, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் பின்பக்கம் அடுக்கிவிட்டேன். 60 மைல் வேகத்தில் வண்டி வாலை ஆட்டத் தொடங்கியது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும் என்பதை அன்றைக்கு உள்ளங்கை வியர்வையோடு கற்றுக்கொண்டேன்.

அடுத்த பாடம் டயர். 2016-ல் தெற்கு டகோடாவில், ஐ-90 சாலையில், வால் (Wall) என்ற ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று வெடித்தது. தடம் நன்றாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் 2309, அதாவது 2009-ன் 23ஆவது வாரம் செய்தது. டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். ஆறு வருடத்துக்கு மேல் நம்பாதீர்கள். வெடித்த அதிர்ச்சியில் அலமாரி திறந்து, கடுகு டப்பா விழுந்து, வண்டி முழுக்கக் கடுகு. அப்புறம் ஒவ்வொரு பயணத்திலும் மெத்தைக்கு அடியில், செருப்புக்குள் என எங்காவது நாலு கிடைக்கும்.

ஒழுகலும் உண்டு. உள் அலமாரிகளைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் பைபர்கிளாஸ் உடம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. சீல் காய்ந்தால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். வருடம் ஒருமுறை ஏணி போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். அக்டோபரில் தண்ணீர்க் குழாயைக் காலி செய்து இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் ஊற்றாவிட்டால் மினசோட்டா குளிரில் குழாய் விரிசல் விடும். எலியும் வரும். எங்களுக்கு இரண்டு தடவை வந்தது.

இதெல்லாம் பரவாயில்லை. பெரிய குறை அந்த மேசைதான். பகலில் சாப்பாட்டு மேசை, ராத்திரி அதையே இறக்கி மெத்தை போட்டால் கட்டில். தினம் இரண்டு வேளை இந்தக் கூத்து. ஒருவர் படுத்துவிட்டால் மற்றவருக்கு உட்கார இடமில்லை. சுப்பீரியர் ஏரிக்கரையில், கூஸ்பெர்ரி அருவிப் பக்கம், மூன்று நாள் விடாத மழை. பத்தடிக்குள் நான்கு பேர் சீட்டாடியபடி ரசம் சாதம் சாப்பிட்டோம். அப்போது பையனுக்கு எட்டு வயது. இப்போது அவன் என்னைவிட உயரம். மேல் பங்க்கில் முழங்காலை மடக்கிப் படுக்கிறான், போன கோடையில் வெளியே ஹேமக் என்ற தொங்கு படுக்கை கட்டிக்கொண்டான். விற்க முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

8,500 டாலருக்கு வாங்கியது 9,000-க்குப் போனது. இந்த வகை வண்டிகளுக்கு மவுசு குறைவதே இல்லை. கொடுப்பதற்கு முந்தின நாள் மனைவி வாக்குவம் போட்டு மூலை முடுக்கெல்லாம் துடைத்தாள்.

நேற்று வாங்கியவரிடமிருந்து ஒரு படம் வந்தது. இருக்கைக்கு அடியில் ஏழெட்டு கறுப்பு உருண்டைகள். “எலிப் புழுக்கையா?” என்று கேட்டிருந்தார். கடுகு என்றேன். அவருக்குக் கடுகு என்றால் மஞ்சள் நிற சாஸ் பாட்டில்தான். விளக்க மூன்று மெசேஜ் ஆனது.